ரோமின் சாமானியரை எங்கே தேடுவது?

கேள்வி: பண்டைய ரோம் பற்றி வகுப்பில் பாடம் நடத்தினேன். பெட்ரீசியன் என்றால் பணக்காரர், பிளபியன் என்றால் ஏழை என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்து, "அவங்க காலையில எழுந்தா என்ன செய்வாங்க, மிஸ்?" என்று கேட்டாள். இலவச ரொட்டி வாங்கிச் சாப்பிட்டு சர்க்கஸ் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. நான் சொன்னது சரியா?
– ஓர் ஆசிரியை

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அந்த மாணவியைக் கூப்பிட்டு, நல்ல கேள்வி கேட்டாய் என்று சொல்லுங்கள். அடுத்து, கரும்பலகையில் எழுதியதைத் திருத்திவிடுங்கள். பிளபியன் என்பது பிறப்பைக் குறிக்கும் சொல்; பெட்ரீசியன் எனப்பட்ட பழைய உயர்குடிகளில் பிறக்காத குடிமக்கள் எல்லாரும் பிளபியன்கள்தான். வசதியைக் குறிப்பதல்ல. பெருஞ்செல்வரான கிராசஸும் பிளபியன் குடும்பத்தில் பிறந்தவர்தான், பெரும் பேச்சாளரான சிசரோவும் அப்படித்தான். கடன் சுமை தாங்காமல் கி.மு. 494-இல் பிளபியன்கள் நகரைவிட்டு வெளியேறிப் புனிதக் குன்றில் போய் உட்கார்ந்தார்கள் என்று ரோமானியர்களே சொல்லிவந்தார்கள். தங்களைக் காக்கத் தனி அதிகாரிகள் வேண்டும் என்ற உரிமையோடுதான் திரும்பினார்களாம். கி.மு. 287 முதல் அவர்கள் மன்றத்தின் தீர்மானம் எல்லாரையும் கட்டுப்படுத்தியது.

உங்கள் மாணவி கேட்டது அந்த அரசியலை அல்ல, அவர்களுடைய அன்றாடத்தை. ரொட்டியும் சர்க்கஸும் என்பது ஜுவெனல் என்ற கவிஞர் மக்களை இடித்துரைக்க எழுதியது. இங்கே சர்க்கஸ் என்றால் தேர்ப் பந்தயம், கோமாளி வருகிற சர்க்கஸ் இல்லை. இந்தக் குத்தல் வரியை நாம் அவர்களின் வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் சுமார் 2 லட்சம் ஆண்களுக்கு அரசு கொடுத்தது ரொட்டி அல்ல, கோதுமை. ஆளுக்கு மாதம் ஐந்து மோடி (அக்காலத் தானிய அளவை), ஏறக்குறைய 33 கிலோ. ஒருவர் வயிற்றுக்குப் போதும், மனைவி மக்கள் இருந்தால் போதாது. பெண்கள் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. கோதுமையை அரைக்க வேண்டும், சுட வேண்டும். வாடகை, எண்ணெய், துணி எல்லாவற்றுக்கும் உழைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, காலையில் எழுந்து என்ன செய்வார்கள்? பலமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் ஒற்றை அறை. மேலே போகப் போக வாடகை குறைவு, ஆபத்து அதிகம். தீப்பிடித்தால் கடைசியில் தப்புபவர் மேல்தளத்துக்காரர்தான். தண்ணீர் மேலே ஏறாது, தெருக் குழாயடியிலிருந்து சுமந்து வர வேண்டும். பெரும்பாலான அறைகளில் சமையலறை கிடையாது. அதனால் தெருமுனைக் கடையில் சூடாக ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். ஆற்றங்கரையில் மூட்டை தூக்குபவர், செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், கட்டடத்தில் கூலி வேலை பார்ப்பவர் என்று எத்தனையோ பேர். பொழுது சாயும் முன் சில்லறைக் காசு கொடுத்துப் பொதுக் குளியலறையில் குளியல். ஓஸ்டியா துறைமுக நகரில் அத்தகைய குடியிருப்புகளின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. படம் கிடைத்தால் வகுப்பில் காட்டுங்கள்.

அவர்களை நான் உண்மையில் அறிந்துகொண்டது அவர்கள் சாவுக்குச் சேர்த்துவைத்த காசிலிருந்துதான். குடியரசுக் காலத்தில் நாதியற்றவர்களின் உடல்களை ரோம் நகரின் எஸ்குவிலின் வாயிலுக்கு வெளியே குழிகளில் போட்டார்கள். அந்தக் கதி தனக்கு வரக் கூடாதென்று எளியவர்கள் சங்கம் சேர்ந்தார்கள். ரோமுக்குத் தெற்கே லனூவியம் என்ற ஊரில் கி.பி. 136-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு சங்கத்தின் விதிகள் கல்வெட்டாகவே கிடைத்துள்ளன. சேரும்போது 100 செஸ்டெர்ஸ் (ரோமானிய நாணயம்), கூடவே ஒரு ஜாடி நல்ல மது. அப்புறம் மாதம் 5 ஆஸ் (சில்லறைக் காசு) சந்தா. 4 ஆஸ் ஒரு செஸ்டெர்ஸ் என்பதால், சேர்க்கைப் பணமே ஆறரை ஆண்டுச் சந்தாவைத் தாண்டுகிறது. அன்றாடங்காய்ச்சியால் சேர்ந்திருக்க முடியாது, ஆனாலும் அடிமைகளும் உறுப்பினர்களாக இருந்தார்கள். உறுப்பினர் இறந்தால் ஈமச்சடங்குக்கு 300 செஸ்டெர்ஸ், அதில் 50 வந்திருப்பவர்களுக்கு. ஊரைவிட்டு 20 மைலுக்கு அப்பால் இறந்தாலும் மூன்று பேர் போய்க் காரியத்தை முடித்துவர வேண்டும். அடிமையின் உடலை எஜமானர் தர மறுத்தால், உருவம் ஒன்று செய்து அதற்குச் சடங்கு. இந்த விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வகுப்பில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால், யூரிசாசெஸ் என்பவரின் கல்லறையைக் காட்டுங்கள். ரோமில் போர்த்தா மஜ்ஜோரே வாயிலை ஒட்டி நிற்கிறது. ரொட்டி சுட்டு விற்றவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்கிறார்கள். உச்சியைச் சுற்றி அவருடைய பட்டறையே சிற்பமாக ஓடுகிறது. கழுதை சுற்றும் திரிகை, மாவு உருட்டும் ஆட்கள், அடுப்பு, தராசு. தொழிலை மறைக்காமல், "நான் ரொட்டிக்காரன்" என்று கல்லில் வெட்டிவைத்த மனிதர். அருகிலேயே அவர் மனைவி என்று கருதப்படும் அதிஸ்தியாவின் கல்வெட்டும் கிடைத்தது. மிக நல்ல பெண்ணாக வாழ்ந்தாள், அவள் உடலில் எஞ்சியது இந்த ரொட்டிக் கூடையில் இருக்கிறது என்கிறது அது. அதை அந்த மாணவியையே எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள்.