பழைய மாருதி ஜென் காருக்கு சஸ்பென்ஷன் பாகங்கள் எங்கே கிடைக்கும்? எதைப் புதிதாக வாங்க வேண்டும், எதைப் பழையதாக வாங்கலாம்?

உங்கள் ஜென் 2001 மாடல், மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'கட கட' சத்தம், சர்வீஸ் சென்டரில் "பார்ட்ஸ் வராது, வண்டியை மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். 1993-இல் வந்து 2006 வரை விற்ற கார் இது. நானும் சென்னையில் ஒரு ஜென் வைத்துப் பராமரிக்கிறேன். கொஞ்சம் தேடினால் பாகங்கள் கிடைக்கின்றன.

தேடுவதற்கு முன், எது போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்ப விடுகிற உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது இருந்தால் பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்ட். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மேலே 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளுகிற சத்தம் வந்தால் ஸ்ட்ரட் மவுன்ட், அதாவது ஸ்ட்ரட்டை (முன்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தது) மேலே வண்டியோடு பிடிக்கிற பாகம். நிறைய மெக்கானிக்குகள் எந்தச் சத்தத்துக்கும் ஷாக் அப்சார்பரைத்தான் முதலில் மாற்றச் சொல்கிறார்கள். இருபது வருட வண்டியில் என் அனுபவத்தில் பாதிக்கு மேல் குற்றவாளி இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்குகிற ரப்பர் புஷ்தான்.

சரி, எங்கே வாங்குவது? புதிய பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வெளியூர் என்றால் பூட்மோ மாதிரி இணையதளங்களில் பார்ட் நம்பரைப் போட்டுத் தேடலாம். மாருதி நம்பரில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும், பின்னால் வருவது மாடல். சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கிற லோயர் ஆர்முக்கு "ஜென் லோயர் ஆர்ம் கொடுங்க" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். சேஸிஸ் நம்பர் தெரிகிற மாதிரி ஆர்.சி.யின் போட்டோவும், கழற்றிய பழைய பாகமும் கையோடு இருக்கட்டும். பெட்ரோலா டீசலா என்பதையும் சொல்லுங்கள். டீசல் ஜென்னில் இருந்தது பெஜோ 1.5 லிட்டர் எஞ்சின். முன்பக்க எடை கூட, அதனால் ஸ்பிரிங்கையும் ஸ்ட்ரட்டையும் கேட்காமல் வாங்கக் கூடாது.

பிராண்டைப் பொறுத்தவரை கம்பெனி பார்ட் கிடைத்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் ஷாக்குக்கு கேப்ரியல், பால் ஜாயின்ட்டுக்கும் டை ராடு எண்டுக்கும் ரானே என்று கேட்டுப் பாருங்கள். ரப்பர் பாகம் எதுவானாலும் பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். ரேக்கில் பல வருடம் கிடந்த புஷ் சீல் பிரிக்காததாக இருந்தாலும் இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் தெரியும்.

அப்புறம் பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கிற சென்னை புதுப்பேட்டை. அங்கே போகலாம், ஆனால் இரும்புக்கு மட்டும். லோயர் ஆர்ம், சக்கரத்தின் பேரிங்கைத் தாங்குகிற நக்கிள், பின்பக்க அச்சைப் பிடிக்கிற டிரெய்லிங் ஆர்ம் இவையெல்லாம் வளையாமல், வெல்டிங் தடம் இல்லாமல் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். இடது, வலது ஆர்ம் இரண்டையும் சமமான தரையில் அருகருகே வைத்துப் பாருங்கள், ஒன்று வளைந்திருந்தால் காட்டிக் கொடுத்துவிடும். பழைய ஷாக் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயில் மாற்றிக் கறுப்பு பெயின்ட் அடித்து 'ரீகண்டிஷன்' என்று தருவார்கள். உள்ளே போய் வருகிற தண்டைத் துடைத்துப் பாருங்கள். குரோமில் ஒரு கீறல் இருந்தால் போதும், அது ஷாக்கின் ஆயில் சீலை அறுத்து ஆயிலை வெளியே விட்டுவிடும். பிரேக் போடும்போது டயர் ரோட்டை விடாமல் பிடித்திருப்பது இந்த ஷாக்கால்தான். குடும்பத்தோடு போகிற வண்டியில் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வாங்கும்போது இரண்டு பக்கமும் ஜோடியாக, கூடவே மவுன்ட்டும் பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுசாக அமுங்கும்போது இடியைத் தாங்குகிற ரப்பர்) சேர்த்து மாற்றிவிடுங்கள். எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழற்றத்தான் போகிறார்கள், இன்னொரு தடவை கூலி எதற்கு?

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் (கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி பொருள்) புஷ் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாள் தாங்கும். ஆனால் சின்னச் சின்ன அதிர்வும் உள்ளே தெரியும். தினசரி ஓட்டத்துக்கு நான் ரப்பரையே சொல்வேன்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கில் இருக்கும்போதே முழுசாக முறுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சக்கரம் தரையில் இறங்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், புதுசு சீக்கிரமே கிழியும். பாதி முறுக்கி, தரையில் இறக்கி, வண்டியின் எடை உட்கார்ந்த பிறகு கடைசி முறுக்கு. வீல் அலைன்மென்ட் அதற்கும் பிறகுதான்.

கழற்றிய பழைய லோயர் ஆர்ம் நேராக இருந்தால் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அடுத்த முறை புஷ்ஷை மட்டும் வாங்கி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறையில் ஏற்றிக்கொள்ளலாம். சுத்தியலால் அடித்து ஏற்றுகிற இடத்தில் மட்டும் கொடுக்காதீர்கள்.