கரண்ட் நின்றதும் தண்ணீர் எங்கே போகும்? கடல்மீன் தொட்டி: கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சம்ப் பற்றியவை. தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் வைக்கும் அந்த வடிகட்டித் தாங்கியை எல்லோரும் பம்பி ஓடும் நிலையில் வரைகிறார்கள். பம்பி நின்ற நிலையில்தான் முதலில் வரைய வேண்டும். கீழே வரும் முதல் பதில் இதையே சுற்றி வருகிறது.

நாலடித் தொட்டிக்குக் கீழே இரண்டரை அடிச் சம்ப் வைத்திருக்கிறேன். கரண்ட் போன இரவில் அறை முழுவதும் உப்புத் தண்ணீர். மேலே போகும் குழாயில் ஒருவழி வால்வு போட்டால் சரியாகுமா? (கொக்குவில்)

வால்வை நம்பாதீர்கள். கடல்நீரில் சில மாதங்கள் கிடந்த வால்வைக் கழற்றிப் பாருங்கள். மூடியின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழாய்ப் புழுக்கள் ஒட்டியிருக்கும். ஒரு மணல் பருக்கை சிக்கினாலே மூடி முழுதாகப் படியாது. வெள்ளத்தை நிறுத்துவது கணக்குத்தான்.

உங்கள் தொட்டி 120 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம். ஒரு சென்ரிமீற்றர் உயர நீர் என்றால் 5.4 லீற்றர். பம்பி நின்றதும், நீரை மேலே கொண்டுவந்த அதே குழாய் அதைக் கீழே உறிஞ்சத் தொடங்கும். குழாயின் வாய்க்குக் காற்று எட்டும்வரை நிற்காது. வாய் நீர்மட்டத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே இருந்தால் 27 லீற்றர் இறங்கும். உங்கள் சம்ப் 75க்கு 35. அதில் இந்த நீர் 10 சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். மேல் விளிம்புக்கு 8 சென்ரிமீற்றர்தான் விட்டிருக்கிறீர்கள். வெள்ளம் வராமல் என்ன செய்யும்?

குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர் கீழே உயர்த்துங்கள். இறங்கும் நீர் 8 லீற்றராகக் குறையும். சம்பில் 3 சென்ரிமீற்றர் உயர்வுதான். தொட்டி நீர் வழிந்து விழும் பெட்டியிலும் குழாய்களிலும் நிற்கும் நீரும் இதோடு சேரும் என்பதால், சம்பின் உயரத்தில் காற்பங்கை வெறுமையாகவே விடுங்கள். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டால் உறிஞ்சல் சீக்கிரம் அறுபடும். அந்தத் துளையைப் பாசியும் நத்தையும் அடைக்கும். கண்ணாடி துடைக்கும் நாளில் அதற்குள்ளும் ஒரு தூரிகை போகட்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொட்டி நீரைச் சம்புக்கு இறக்கும் வடிகுழாய் அடைபட்டால், பம்பி சம்பில் தன் அறையில் உள்ள நீரையெல்லாம் மேலே ஏற்றிவிடும். 20க்கு 35 அறையில் 20 உயரத்துக்கு நீர் நின்றால் அது 14 லீற்றர். மேல் தொட்டியில் 2.6 சென்ரிமீற்றர். மேலே 4 சென்ரிமீற்றர் இடம் விட்டிருந்தால் அன்றும் தரை நனையாது.

மீன் விடுவதற்கு முன் பம்பியை நிறுத்திப் பாருங்கள். நீர் ஏறி நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. மீண்டும் ஓடவிட்டு, ஓடும் மட்டத்தில் ஒரு கோடு. வீட்டில் வேறு யார் நீர் விட்டாலும் கீழ்க்கோட்டைத் தாண்டக் கூடாது.

240 லீற்றர் தொட்டி. மணிக்கு 4000 லீற்றர் தள்ளும் பம்பி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (மானிப்பாய்)

வேண்டாம். சம்ப் வழியாக மணிக்கு நாலைந்து தடவை நீர் சுற்றினால் போதும். அதாவது 1000 முதல் 1200 லீற்றர். பெட்டியில் அச்சிட்டிருப்பது உயரமே இல்லாமல் தள்ளும் அளவு. ஒன்றரை மீற்றர் ஏறும்போது சிறிய பம்பிகள் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். 2500 என்று எழுதிய, மூன்று மீற்றர்வரை ஏற்றக்கூடிய பம்பி உங்களுக்கு அளவானது. பவளங்களுக்கு வேண்டிய நீரோட்டத்தை மேல் தொட்டியில் தனி அலைபம்பி கொடுக்கட்டும். வடிகுழாய் ஒன்றரை அங்குல பி.வி.சி.; அதில் திருகித் திருகி மூடும் கேட் வால்வு. பக்கத்தில் வால்வே இல்லாத இரண்டாவது வடிகுழாய் கட்டாயம். முதலாவது அடைபட்டால் காப்பாற்றப்போவது அதுதான்.

சம்பில் எத்தனை அறை, எந்த ஒழுங்கில்? (சாவகச்சேரி)

மூன்று போதும். நீர் விழும் அறையில் வடிகட்டிப் பையும் புரோட்டீன் ஸ்கிம்மரும் (காற்றுக் குமிழிகளால் அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி), நடுவில் பாசி வளர்க்கும் அறை, கடைசியில் பம்பி. ஸ்கிம்மர் ஒரே நீர்மட்டத்தில் நின்றால்தான் நுரை ஒழுங்காக ஏறும். அதனால் முதல் தடுப்புக் கண்ணாடியின் உயரத்தை ஸ்கிம்மரின் கையேட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள். பலவற்றுக்கு அது 20 சென்ரிமீற்றரை ஒட்டி வரும். ஸ்கிம்மரை வாங்கிய பிறகே கண்ணாடி வெட்டக் கொடுங்கள். ஸ்கிம்மரில் நுரை சேரும் கிண்ணத்தைக் கழற்றி மேலே தூக்க அலுமாரிக்குள் இடமிருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

பம்பி அறைக்கு முன்னால் மூன்று தடுப்புகள், இடையில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி. நீர் மேலும் கீழுமாக ஏறி இறங்கும்போது குமிழிகள் கழன்றுவிடும். இந்த அளவுச் சம்புக்கு 6 மில்லிமீற்றர் கண்ணாடி போதும். குளியலறைச் சிலிக்கனில் பூஞ்சணக் கொல்லி கலந்திருக்கும். அதைத் தொடவே வேண்டாம். ஒட்டிய பின் ஒரு வாரம் காயவிடுங்கள். வடிகட்டிப் பையை மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை கழுவ முடியாவிட்டால் போடாமலே விடுங்கள். அழுக்கு அதற்குள் கிடந்து அழுகினால் நைத்திரேற்று ஏறும்.

ஆவியாகும் நீருக்கு ஈடாக எங்கள் கிணற்று நீரை விடலாமா? நாங்கள் குடிக்கும் நல்ல நீர். (உரும்பிராய்)

விடக் கூடாது. ஆவியாவது வெறும் நீர். உப்பும் மற்றவையும் தொட்டியிலேயே தங்கும். நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய கடின நீர் கொண்டவை. வலிகாமத்தின் தோட்ட நிலங்களில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று நிலத்தடிக்கு இறங்குவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவானது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த எல்லையில் உள்ள நீரை நாளுக்கு 3 லீற்றர் விட்டால், 300 லீற்றர் தொகுதியில் ஒரு மாதத்தில் லீற்றருக்கு 15 மில்லிகிராம் கூடும். பிறகு பச்சைப் பாசியோடு போராட்டம்தான்.

ஆர்.ஓ. நீர் (சவ்வு வடிகட்டியால் கரைந்த உப்புகளை நீக்கிய நீர்) விடுங்கள். மிதவை வால்வு வைத்துத் தானாக நிரப்புவதானால் அந்த நீர் வைக்கும் கான் 10 லீற்றருக்கு மேல் வேண்டாம். மிதவை சிக்கினாலும் அவ்வளவுதான் இறங்கும்.

அண்ணா, பண்ணைக் கடல் எங்கள் வீட்டுக்குப் பக்கம். அங்கே நீர் எடுக்கலாமா? கற்களும் எடுக்கலாமா? (பாடசாலை மாணவர், யாழ்ப்பாணம்)

தம்பி, பண்ணை வேண்டாம். அது ஆழமற்ற களப்பு. மாரியில் உப்பு இறங்கும், கோடையில் ஏறும். நகரத்துக் கழிவும் சேரும். பருத்தித்துறைப் பக்கம் திறந்த கடலில், மழையில்லாத அமைதியான நாளில் எடுங்கள். அடர்த்தி 1.025 அளவில் இருக்கட்டும். துணியில் வடித்து, மூடி, இருட்டில் வைத்து, பம்பியால் கலக்கிக்கொண்டிருங்கள். பவளத்தையோ பவளப்பாறைத் துண்டையோ கடலிலிருந்து எடுப்பது நமது நாட்டுச் சட்டப்படி குற்றம். நுண்துளைப் பீங்கான் கட்டிகளைச் சம்பில் வையுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் மீன் கழிவைச் சிதைக்கும் பற்றீரியா குடியேறிவிடும்.

நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதியில்லை. சித்திரை வெயிலுக்கு என்ன செய்வது? (நல்லூர்)

சம்பின் நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள்; அலுமாரிக் கதவு திறந்திருக்கட்டும். இரண்டு பாகை குறையும். ஆவியாதல் கூடுவதால் ஆர்.ஓ. நீரும் கூடுதலாகத் தேவைப்படும். 28 பாகையில் கவலையில்லை, 30ஐத் தாண்டினால் விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

டெங்குச் சோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் சம்பையும் பார்த்தார். அதில் நுளம்பு பெருகுமா? புகை அடிக்க வந்தால் என்ன செய்வது? (குருநகர்)

ஓடிக்கொண்டிருக்கும் சம்பில் பெருகாது. ஆபத்து பக்கத்தில் உள்ள ஆர்.ஓ. கானில் இருக்கிறது, அதை வலையால் இறுக்கி மூடுங்கள். உப்புத் தண்ணீர்தானே என்று பழைய வாளியில் மிச்சத்தை விடவும் கூடாது. டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்வது யாழ் குடாநாட்டிலேயே ஆய்வில் காணப்பட்டிருக்கிறது.

புகை அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன் ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பியையும் நிறுத்துங்கள். அவை அறைக் காற்றை உறிஞ்சி நீருக்குள் கலப்பவை. புகையிலுள்ள பூச்சிக்கொல்லிக்கு மீன்களுக்கு முன்பே இறால்கள் சாகும். தொட்டியையும் சம்பையும் பொலித்தீனால் மூடி, யன்னல்களைச் சாத்துங்கள். புகை கலைந்ததும் யன்னலைத் திறந்து அறை முழுவதும் காற்று மாறட்டும். அதன் பிறகு மூடியை எடுத்து, வடிகட்டிப் பைக்குள் நஞ்சை உறிஞ்சும் செயற்படு கரி ஒரு கை போட்டு, ஸ்கிம்மரைக் கடைசியாக ஓடவிடுங்கள்.