செதிலை விடுங்கள், தோளைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் சார். மூன்று மாதமாக ஒரு கற்பனை விலங்கை ஸிபிரஷ்ஷில் (கணினியில் முப்பரிமாண உருவம் செதுக்கும் மென்பொருள்) செதுக்கிக்கொண்டிருக்கிறேன். சிங்க உடம்பு, பல்லித் தலை, செம்மறிக் கடாக் கொம்பு, வௌவால் இறக்கை. செதிலுக்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது. பரப்பைப் பொடித் துண்டுகளாகப் பிரிக்கிற ஸப்டிவிஷனில் ஏழாவது படிக்குப் போனதும் 2 கோடி பாலிகன், அதாவது பரப்புத் துண்டு, வந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் 'சூப்பர்' என்கிறார்கள். தம்பி மட்டும் "இறக்கையை ஒட்டி வச்ச மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஐந்து கோணங்களில் படம் அனுப்பியிருக்கிறேன். செதிலை இன்னும் ஆழமாக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. செதில் பக்கமே போகாதீர்கள். இனி எதைச் செதுக்கினாலும் முதலில் தம்பியிடம் காட்டுங்கள்.

உங்கள் பக்கவாட்டுப் படத்தை முழுக்கக் கறுப்பாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். நீங்களே ஸிபிரஷ்ஷில் ஒளி நிழல் காட்டாத ஃபிளாட் கலர் மெட்டீரியலைப் போட்டு, கறுப்பைத் தேர்ந்து, தூரத் தள்ளிப் பார்க்கலாம். ஐந்து வாரச் செதில் அந்த நொடியே காணாமல் போய்விட்டது. மிஞ்சியது ஒரு நாய், அதன் முதுகில் பாதி விரித்த ஒரு குடை. கொம்பு தலையோடு கலந்து ஒரே உருண்டை. தம்பி பார்த்தது இதைத்தான்.

இறக்கை என்பது கை. முதுகெலும்புள்ள பிராணிகளில் தசை வலிமையால் பறந்தவை மூன்று கூட்டம்: பறவை, வௌவால், டைனோசார் காலத்தில் வாழ்ந்து அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோசார். மூன்றுமே முன்காலைத்தான் இறக்கையாக்கிக்கொண்டன. நாலு காலும் இருந்து, அதற்கு மேல் அடித்துப் பறக்கும் இறக்கையும் இருக்கிற எலும்புப் பிராணி ஒன்றுகூடக் கிடையாது. அதனால் உங்கள் விலங்குக்கு இரண்டு ஜோடித் தோள் வேண்டும். நீங்கள் ஒரு ஜோடிதான் கொடுத்திருக்கிறீர்கள். இறக்கை முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில், தோலிலிருந்து நேராக முளைத்து நிற்கிறது. உள்ளே அதைப் பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை.

மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் அதன் தோளைப் பார்ப்பேன். பூனை மெல்ல நடக்கும்போது முன்காலை ஊன்றிய பக்கம் தோள்பட்டை எலும்பு முதுகுக்கு மேலேயே எழும்பும், மறுபக்கம் இறங்கும். அந்த எலும்பு விலாக்கூட்டோடு மூட்டுப் போட்டுச் சேரவில்லை, தசையில்தான் தொங்குகிறது. சிங்கமும் அப்படித்தான். உங்கள் சிங்க உடம்பில் கழுத்திலிருந்து வால்வரை முதுகு ஒரே நேர்கோடு. முதல் திருத்தம் அங்கே. முன்காலின் தோள்பட்டை முதுகுக் கோட்டை உடைத்துக்கொண்டு மேலே தெரியட்டும். அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்துக்குப் பின்னால், விலா எலும்புகளின்மேல் சாய்வாக, இறக்கைக்கென்று இரண்டாவது தோள்பட்டை. இப்போது இறக்கை அங்கிருந்து கிளம்பலாம்.

அதோடு முடியவில்லை. இறக்கையைக் கீழே அடிக்க வலு வேண்டும். அந்த வலு முதுகில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. பறவையின் உடம்பிலேயே பெரிய தசை நெஞ்சுத் தசைதான். அது ஊன்றிக்கொள்ளத்தான் மார்பெலும்பின் நடுவே படகின் அடிக்கட்டை மாதிரி ஒரு விளிம்பு நீண்டிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பறவை இறக்கையை மேலே தூக்குகிற முக்கியத் தசையும் நெஞ்சில்தான் இருக்கிறது. அதன் நாண் தோள் எலும்புகளுக்கு இடையிலுள்ள துளை வழியாக, கப்பியில் ஓடும் கயிறு மாதிரி, மேலே போய் இறக்கையை இழுக்கிறது. உங்கள் விலங்கின் நெஞ்சு வேட்டைநாயின் நெஞ்சுபோல ஒடுங்கி இருக்கிறது. மார்பெலும்பைக் கீழே இழுங்கள். முன்கால்களைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். முழங்கைக்குப் பின்னாலிருந்து ஒரு தசை விசிறிபோல மேலே ஏறி, இறக்கையின் மேற்கையில் போய்ச் சேரட்டும். அந்த ஒரு தசை வந்துவிட்டாலே 'ஒட்டி வச்ச மாதிரி' பாதி போய்விடும்.

அப்புறம் இறக்கைத் தோல். வௌவாலின் தோல் விரல்களுக்கு நடுவில் மட்டும் இல்லை, கடைசி விரலிலிருந்து உடம்பின் பக்கவாட்டுக்கும் காலுக்கும் ஓடுகிறது. நீங்கள் அதை முழங்கையிலேயே வெட்டிவிட்டீர்கள். குடை மாதிரி தெரிந்ததற்குப் பாதிக் காரணம் இது. விலாவோடு இடுப்புவரை கொண்டுபோய்ச் சேருங்கள்.

இதையெல்லாம் ஏழாவது நிலையில் செய்யாதீர்கள். ஒவ்வொரு படியிலும் பாலிகன் நாலு மடங்காகிறது. ஆறு படி கீழே இறங்கினால் உங்கள் 2 கோடி ஐயாயிரத்துக்கும் குறைவாகிவிடும். அங்கே போய், சிமெட்ரி (ஒரு பக்கம் செய்வது மறுபக்கமும் தானாக வரும் வசதி) போட்டு, பரப்பை இழுத்து நகர்த்தும் மூவ் பிரஷ்ஷைப் பெரிதாக வைத்துத் தள்ளுங்கள். மேலே ஏறிப் பார்த்தால் தோள் பகுதியில் செதில் இழுத்த ரப்பர்போல நீண்டிருக்கும். மனசு வலிக்கும். அந்தச் செதில் போகட்டும். பழைய உருவத்தை ஒரு பிரதி எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, இதில் மேல் நிலைகளை அழித்துவிட்டு வேலை செய்யுங்கள். வடிவம் தேறிய பிறகு மறுபடி ஸப்டிவைட் செய்து, தோளையும் நெஞ்சையும் மாற்றம் படாதபடி மாஸ்க் போட்டு மூடி, பழைய பிரதியின் நுணுக்கத்தை இதன்மேல் பதிக்கிற ப்ராஜெக்ட் ஆல் கொடுத்தால் மாறாத இடங்களில் பழைய செதில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். பின்காலும் வாலும் தப்பித்துவிடும்.

அந்தப் பின்காலைப் பாராட்டியே ஆகவேண்டும். பின்பக்கம் மடங்கியதுபோல் தெரிகிற மூட்டை முழங்கால் என்று நினைத்துக் கெடுக்கிறவர்கள்தான் அதிகம். அது குதிகால். நீங்கள் குதிகாலைத் தூக்கி, விரல்களில் நிற்க வைத்து, முழங்காலை வயிற்றுக்குப் பக்கத்தில் சரியாக வைத்திருக்கிறீர்கள். நிஜ மிருகத்தைப் பார்த்துத்தான் இந்தக் காலைச் செய்திருப்பீர்கள். தோளுக்கு அப்படிப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

மற்றவை சில்லறைத் திருத்தங்கள். கோரைப் பற்கள் இடம் மாறியிருக்கின்றன. வாய் மூடும்போது கீழ்க் கோரைப்பல் மேல் கோரைப்பல்லுக்கு முன்னால் வரவேண்டும், நாயின் வாயைத் திறந்து பார்த்தால் தெரியும். (உங்களுக்குப் பழகிய நாயாக இருக்கட்டும்.) கொம்பு மண்டையில் குத்தி வைத்த ஆணிபோல இருக்கிறது. கடாவின் கொம்புக்குள் மண்டையோட்டிலிருந்தே வளரும் எலும்பு இருக்கிறது, மேலே இருப்பது உறை. அதனால் அடியில் மண்டை சற்று மேடாகி, தோல் சுருண்டு நிற்கவேண்டும். செதிலை ஒரே ஆல்ஃபாவால் (அச்சாகப் பயன்படும் படத்தால்) ஒரே அளவில் அச்சடித்துவிட்டீர்கள். மூட்டுகளில் பொடியாக, வயிற்றில் அகலப் பட்டைகளாக, எல்லாவற்றின் விளிம்பும் வால் பக்கம் பார்த்தபடி இருக்கட்டும். இறக்கையின் உள்பக்கத்தில் செதிலே வேண்டாம். கண் ஓய்வெடுக்க ஓரிடம் வேண்டுமே.

ஐந்து வாரம் போனதே என்று வருந்துவீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கொம்பு மிருகத்தின் தலைக்கு 11 நாள் சுருக்கம் போட்டேன். மூத்தவர் ஒருவர் வந்து, என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இது எப்படிய்யா வாயைத் திறக்கும்?" தாடை மூட்டு கண்ணுக்குப் பின்னால், காதுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். நான் கண்ணுக்குக் கீழேயே வைத்திருந்தேன். அன்று ராத்திரி கோப்பைத் திறக்கவே மனசு வரவில்லை.

எந்தெந்த மிருகத்திலிருந்து எதை எடுப்பது என்பதில் உங்களுக்குக் குழப்பமே இல்லை, அது நல்ல அறிகுறி. கற்பனை மிருகம் நிஜம்போலத் தெரிய, வேட்டைநாயின் தலை, பூனையின் கண், முள்ளம்பன்றியின் காது, நீராமையின் கழுத்து என்று உயிருள்ளவற்றிலிருந்து உறுப்புகளை எடுக்கலாம் என லியனார்டோ டாவின்சியே தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் உறுப்புகளை எடுத்துவிட்டீர்கள், இணைப்பை எடுக்கவில்லை. தோளைத் திருத்திவிட்டு அதே ஐந்து கோணங்களை மறுபடி அனுப்புங்கள். செதில் இல்லாமல்.

கேள்வி: என் டிராகனின் கொம்பைப் பெரிதாக்கச் சொல்கிறார் ஒருவர், சிறிதாக்கச் சொல்கிறார் இன்னொருவர். இருவரும் அனுபவசாலிகள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேளுங்கள், இருவர் மருந்தையும் சாப்பிடாதீர்கள். கொம்பு உறுத்துகிறது என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள், அதுதான் தகவல். வலி எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரியும், எதனால் என்பதைச் செய்தவர்தான் தேடவேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் கொம்பின் நீளம் சரியாகவே இருக்கிறது. ஆனால் கொம்பு, கழுத்து, முன்கால் மூன்றும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். எது முக்கியம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. கழுத்தைக் கொஞ்சம் தடிப்பாக்குங்கள், கொம்பு தானாக அடங்கும்.

இனி "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் 'நல்லா இருக்கு' என்பதுதான் மரியாதையான பதில். "முதலில் கண் எங்கே போகுது?", "இது எவ்வளவு கனம் இருக்கும்?", "எதைத் தின்னும்?" என்று கேளுங்கள். யானை கனத்துக்கு நீங்கள் செய்த உருவத்தைப் பார்த்து 'மாட்டு கனம் இருக்கும்' என்று யாராவது சொன்னால், பாதத்தைத் திருத்தவேண்டும் என்று புரிந்துவிடும். இன்னொன்று, வேறு யாரும் கிடைக்காத நேரத்துக்கு: படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன பிழை புதுசாகத் தெரியும்.

கேள்வி: ஸிபிரஷ்ஷா, பிளெண்டரா?

பதில்: கையில் இருப்பது. கோடிக்கணக்கான பாலிகனைத் திணறாமல் சுமப்பதில் ஸிபிரஷ் கெட்டிக்காரன். பிளெண்டரும் செதுக்க உதவும் மென்பொருள்தான், இலவசம், அதன் வாக்சல் ரீமெஷ்ஷை (பரப்பைச் சீரான துண்டுகளாக மறுபடி கட்டும் வசதியை) வைத்தே ஒரு விலங்கை முக்கால்வாசி செய்துவிடலாம். தோள் தப்பான இடத்தில் வந்தால் இரண்டும் வாய் திறக்காது.

கேள்வி: செதுக்கும்போது முகம் சரியாக இருக்கிறது. ரெண்டர் (இறுதிப் படம்) எடுத்தால் மூக்கு வீங்கி, காது பின்னால் ஓடிவிடுகிறது. மெஷ் (உருவத்தின் பாலிகன் வலை) கெட்டுவிட்டதா?

பதில்: மெஷ்ஷுக்கு ஒன்றும் இல்லை, லென்ஸ் மாறியிருக்கிறது. நீங்கள் பெர்ஸ்பெக்டிவ் இல்லாத, அதாவது தூரத்துக்கேற்ப அளவு மாறாத, பார்வையில் செதுக்கிவிட்டு, அகலக்கோண கேமராவைப் பக்கத்தில் வைத்து ரெண்டர் எடுக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பது பெருக்கத்தான் செய்யும். ஸிபிரஷ்ஷில் பி விசையைத் தட்டினால் பெர்ஸ்பெக்டிவ் வரும், பிளெண்டரில் எண் பலகையின் 5. முகத்துக்கு லென்ஸை 85 மில்லிமீட்டர் அளவில் வைத்துக்கொண்டு, செதுக்கவும் ரெண்டருக்கும் அதையே பயன்படுத்துங்கள். இந்தத் திரிபால் லாபமும் உண்டு. மிருகத்தைப் பிரம்மாண்டமாகக் காட்ட வேண்டுமானால் கேமராவைத் தரைக்கு இறக்கி, அகலக்கோணத்தில் அண்ணாந்து பாருங்கள். மூக்கு விஷயத்தில் மட்டும், ரெண்டரைப் பார்த்து மெஷ்ஷைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள். நான் ஒரு முறை கிளம்பி, பக்கவாட்டில் பார்த்தபோது மூக்கே இல்லாமல் போயிருந்தது.

கேள்வி: சிமெட்ரியை எப்போது உடைக்கலாம்?

பதில்: போஸ் கொடுத்த பிறகு. அதற்கு முன் உடைத்தால் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு முறை செய்யவேண்டி வரும். போஸ் கொடுத்ததும் எடையை ஒரு காலுக்கு மாற்றுங்கள், இடுப்பு சாயும், அந்தப் பக்கத் தோல் மடியும், மறுபக்கம் இழுபடும். இதிலேயே பாதி சிமெட்ரி போய்விடும். ஒரு கொம்பை உடைப்பது, ஒரு கண்ணில் தழும்பு போடுவது, இந்த இரண்டும் வேண்டாம், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எந்தப் பக்கமாக மெல்லும் என்று முடிவுசெய்து, அந்தப் பக்கப் பற்களை மட்டும் கொஞ்சம் தேயுங்கள்.