பழைய ஜீப், ஜிப்ஸி வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: பட்ஜெட் நாலு லட்சம். மாருதி ஜிப்ஸியா, மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பா? (கோவை)

வார இறுதியில் வால்பாறை, கொடைக்கானல் போய்வரத்தான் என்றால் ஜிப்ஸி. அதிலும் 2000-க்குப் பிறகு வந்த எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜின் போட்ட ஜிப்ஸி கிங் பாருங்கள்; 1.3 லிட்டர், 80 குதிரைத்திறன். பழைய ஜிப்ஸி 410-இல் ஒரு லிட்டர் இன்ஜின், 45 தான், மேட்டில் திணறும். எஸ்டேட் மண்ரோட்டில் மெதுவாகச் சுமை இழுக்க வேண்டும், டீசல்தான் வேண்டும் என்றால் 540. எதை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம். இன்ஜினை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு 540 பார்த்தேன். கொஞ்சம் புகை அடிக்கிறது, ஆனால் புது பெயிண்ட், பளபளவென்று இருக்கிறது. வாங்கலாமா? (திண்டுக்கல்)

புகை பெரிய விஷயமில்லை. அந்த 2.1 லிட்டர் பெஜோ டீசலைப் பிரித்துச் செய்யத் தெரிந்த மெக்கானிக் இன்னும் கிடைக்கிறார். எனக்குப் பயம் புது பெயிண்ட்தான். சின்னக் காந்தம் ஒன்று எடுத்துப் போங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி, அதாவது பெயிண்டுக்கு அடியில் ஓட்டையையும் துருவையும் மறைக்கப் பூசிய பூச்சு. கீழே போட்டிருக்கும் தரைவிரிப்பைத் தூக்கிவிட்டு, டிரைவர் கால் வைக்கும் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்; அமுங்கினால் துரு. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டை சேஸிஸில் மாட்டியிருக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். பொத்தென்று கேட்டாலோ, துரு செதில் செதிலாக உதிர்ந்தாலோ விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம்; வேறொரு நாள் காலையில் வந்து ஆறின இன்ஜினை நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

கேள்வி: பழைய மஹிந்திரா தார் ஜீப் நல்லா இருக்குமா?

எந்த வருடம், டீசல் இன்ஜின் டிஐயா சிஆர்டிஇயா, எவ்வளவு ஓடியது, எதுவும் எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? அடுத்த முறை ஆர்சியில் இருப்பதையாவது பார்த்து எழுதுங்கள். பொதுவாகச் சொன்னால் 105 குதிரைத்திறன் சிஆர்டிஇ நல்ல வண்டி. பின் டிஃப்பரன்ஷியலில் லாக்கர் (ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினாலும் மற்றதுக்கும் இழுவை தரும் பூட்டு) வேண்டுமென்றால் 2015-இல் வந்த மாற்றத்துக்குப் பிந்தையதாகப் பாருங்கள். முன்பக்க டார்ஷன் பாரை (ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புக் கம்பி) முறுக்கி உயரம் ஏற்றியிருந்தால் ஆக்சில் பூட் (ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

கேள்வி: டப்வாலியில் செய்த மாடிஃபைட் ஜீப்பை வீடியோவில் பார்த்தேன். டர்போ இன்ஜின், பவர் ஸ்டீயரிங், ஏசி எல்லாம் சேர்த்து ஆறு லட்சம், வாசலில் இறக்கித் தருகிறார்களாம். அட்வான்ஸ் போடலாமா? (மதுரை)

போடாதீர்கள். இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, வருகிறபோதெல்லாம் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். ஹரியானாவில் இருக்கும் அந்த ஊர்ப் பட்டறைகளின் கைவேலை பற்றி எனக்குப் புகார் இல்லை. சிக்கல் காகிதத்தில். இப்படி விற்பனைக்கு வரும் பல வண்டிகளில் எண்பதுகளில் பதிவான ஏதோ ஒரு ஜீப்பின் ஆர்சி இருக்கும், அந்த நம்பரில் புது பாடி, வேறு இன்ஜின், சில சமயம் சேஸிஸே வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாளைக்கு நீங்கள் இங்கே மறுபதிவுக்கு நிறுத்தும்போது சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவு எடுப்பார்கள். எண்ணைச் சுற்றி வெல்டிங் தடம் தெரிந்தால் அங்கேயே கதை முடிந்தது, அன்றைக்கு விற்றவர் போனை எடுக்கமாட்டார். ஒரு விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால், ஆர்சியில் இருக்கும் வண்டி இதுதானா என்ற கேள்வி இன்சூரன்ஸில் வரும், கோர்ட்டிலும் வரும், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கம்பெனியில் இருந்து வந்தபடியே இருக்கும் வண்டியை வாங்கி, திருப்பிக் கழற்றி மாட்டக்கூடிய வேலைகளை மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: ஜிப்ஸிக்கு 31 இன்ச் டயர்?

வேண்டாம். கிங்கில் வந்த 205/70 டயரின் உயரம் சுமார் 26 இன்ச். 235/75 போட்டாலே 29 ஆகிவிடும், வண்டியை 2 இன்ச் உயர்த்தும் லிஃப்ட் தேவைப்படும், மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 66-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். 31 போட்டால் ஐந்தாவது கியரில் வண்டி இழுக்காது, பிரேக்கும் பத்தாது. 215/75 போதும், மிச்சப் பணத்தைப் பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் போடுங்கள்.

கேள்வி: ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி, இன்னும் ஆர்சி போடவில்லை. விலை மிகக் குறைவு.

ராணுவ அதிகாரி கையெழுத்திட்ட அசல் ஃபார்ம் 21 (பதிவுக்குக் கேட்கும் விற்பனைச் சான்றிதழ்) இருக்கிறதா? இல்லையென்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஜிப்ஸியில் 60-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் உதறுகிறது. ஸ்டீயரிங் டாம்பர் (உதறலை அடக்கும் சின்ன ஷாக் அப்சார்பர்) மாற்றச் சொல்கிறார்கள்.

முதலில் வீல் பேலன்ஸ். பிறகு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங் அல்லது வீல் பேரிங். ஸ்டீயரிங் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டையும் பார்த்துவிடுங்கள். டாம்பர் கடைசியில்.