தேய்ந்த மூட்டின் எலும்பில் புரதங்கள்: கேள்வி-பதில்

எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரிகிறது. எலும்பு பலப்பட்டிருக்கிறதா?

இல்லை. அளவுதான் கூடியிருக்கிறது. எலும்பின் கரிமப் பகுதியில் (தாது அல்லாத பகுதி) சுமார் 90% முதல் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். வழக்கமாக அதன் மூலக்கூறில் இரண்டு ஆல்பா-1 சங்கிலிகளும் ஓர் ஆல்பா-2 சங்கிலியும் முறுக்கிக்கிடக்கும். தேய்ந்த மூட்டில் டிஜிஎஃப்-பீட்டா-1 என்ற சமிக்ஞைப் புரதம் மிகுவதால், எலும்பை உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் ஆல்பா-1ஐ அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. மூன்று சங்கிலியும் ஆல்பா-1ஆகவே அமைந்த மூலக்கூறுகள் பெருகுகின்றன. இவற்றின் மேல் தாது சரியாகப் படிவதில்லை. எலும்பு தடிக்கும், ஆனால் அதே கன அளவில் கால்சியம் குறைவாக இருக்கும்.

மூட்டு மாற்று அறுவையில் கிடைக்கும் எலும்பில் புரதங்களை ஆய்வு செய்ய எப்படித் தயார் செய்வது?

ஒப்பீட்டை முதலில் முடிவு செய்யுங்கள். உள்பக்கம் தேய்ந்த முழங்காலில், அதே நபரின் வெளிப்பக்க எலும்பே நல்ல ஒப்பீடு. வயது, மருந்து, எடை எல்லாம் ஒன்றாகிவிடும். ஆனால் அதை நோயற்ற எலும்பு என்று எழுதாதீர்கள்.

குருத்தெலும்பை முழுவதும் சுரண்டுங்கள். குருத்தெலும்புக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜன் முடிவில் தலைகாட்டினால் சுரண்டல் போதவில்லை என்று பொருள். மஜ்ஜையைக் குளிர்ந்த உப்புக்கரைசலால் பீய்ச்சிக் கழுவுங்கள்; இல்லையேல் ஹீமோகுளோபினும் ஆல்புமினும் மற்ற சமிக்ஞைகளை மூழ்கடிக்கும். பிறகு திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக்கி, 4 டிகிரியில், புரோட்டியேஸ் தடுப்பானுடன் (புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பது) 0.5 மோலார் ஈடிடிஏ (கால்சியத்தைப் பற்றி இழுக்கும் வேதிப்பொருள்) கரைசலில் சில நாள் ஊறவிட்டுத் தாதுவை நீக்குங்கள். கழிவென்று அந்த ஈடிடிஏ கரைசலை ஊற்றிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. தாதுவோடு ஒட்டியிருந்த ஆஸ்டியோகால்சின், ஆஸ்டியோபாண்டின் என்ற எலும்புப் புரதங்கள் அதில்தான் இறங்கும். மிச்சத்திலுள்ள புரதங்களை, அவற்றைக் கரைக்கும் குவானிடின் கரைசலில் பிரித்தெடுத்து, கரைசலை நீர்க்கச் செய்த பிறகே டிரிப்சின் (புரதத்தைத் துண்டாக்கும் நொதி) சேருங்கள். செறிவான குவானிடினில் டிரிப்சின் வேலை செய்யாது.

எலும்பு உருவாவதைத் தடுக்கும் ஸ்கிளெரோஸ்டின் புரதம் கூடுகிறதா, குறைகிறதா?

தடித்த பகுதியில் பெரும்பாலும் குறைகிறது. எலும்பு உருவாவதற்குப் போடும் பிரேக் தளர்கிறது.

மூட்டு எலும்பின் இந்த மாற்றங்களை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாமா?

முடியாது. இரத்தத்திலுள்ள ஆஸ்டியோகால்சினும் சிடிஎக்ஸ்-1உம் (எலும்புக் கொலாஜன் சிதையும்போது வரும் துண்டு) முழு எலும்புக்கூட்டிலிருந்து வருபவை. ஒரு முழங்காலின் பங்கு அதில் கரைந்துபோகும். போதாததற்கு, சிடிஎக்ஸ்-1 சாப்பாட்டுக்குப் பின் இறங்கும். காலையில் வெறும் வயிற்றில் எடுக்காத எண்ணை வைத்து எதையும் பேசக் கூடாது.

எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) தரும் சோலெட்ரானிக் அமிலம் மூட்டுத் தேய்மானத்துக்கு உதவுமா?

ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான இரண்டாண்டு ஆய்வில், முழங்கால் குருத்தெலும்பு குறைவதை அது தடுக்கவில்லை. மூட்டுத் தேய்மானத்துக்காக மட்டும் போட்டுக்கொள்ள வேண்டாம்.