பழங்குடிப் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் நடத்தும் பண்பாட்டு முகாம்களால் உண்மையில் பயன் உண்டா?

கேட்டவர் ஏதோ தன்னார்வக் குழுவிலோ, சி.எஸ்.ஆர். என்ற சமூகப் பொறுப்புப் பணத்தோடு மலைக்கு வரப்போகும் கம்பெனியிலோ இருப்பவர் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். பயன் உண்டு. ஆனால் நான் முதல் தடவை நடத்திய லட்சணத்தில் நடத்தினால் நடத்தாமல் இருப்பதே மேல்.

"நீ என்ன பழங்குடியா, இதைப் பேச?" என்று யாராவது கேட்பார்கள். இல்லை. ஈரோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். கோவை மலையோரத்தில் பழங்குடியினருக்கான ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் பதினோரு வருஷமாக வாத்தியார். என் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருளர். அவர்கள் சார்பாகப் பேச வரவில்லை, நான் செய்த கூத்தை மட்டும் சொல்கிறேன்.

2017, ஆகஸ்ட் 9, உலகப் பழங்குடியினர் நாள். "கலை நிகழ்ச்சி நடத்தி போட்டோ அனுப்பவும்" என்று வாட்ஸப்பில் செய்தி. கையில் நான்கு நாள். டவுனுக்குப் போய்ப் பச்சை காகிதம் வாங்கி வந்து தழைப் பாவாடை மாதிரி வெட்டினேன். தலையில் சேவல் இறகு, முகத்தில் கரி, மூங்கில் குச்சியில் ஈட்டி, ஒரு சினிமாப் பாட்டு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் கட்ட மாட்டேன் என்று நின்றான். "உங்க டான்ஸ்தானேடா, என்ன வெட்கம்?" என்று அதட்டிக் கட்டவைத்தேன். எழுதும்போதே கூசுகிறது.

அவனுடைய தாத்தா பார்க்க வந்திருந்தார். அவர்கள் பதியின், அதாவது குடியிருப்பின், தலைவரான மூப்பன். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. முடிந்ததும் என்னிடம் வந்து, "வாத்தியாரே, இது எந்த ஊர்க்காரங்க ஆடறதுங்க? நல்லா இருந்துச்சு" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே வேறு தேசத்து ஆட்டம் என்று நினைத்திருக்கிறார்.

அடுத்த வருஷம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். என்ன செய்யலாம் என்று கேட்டதற்கு, "பள்ளிக்கூடத்துல என்னத்த காட்டறது? விதைக்கிறப்ப புள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க" என்றார். மழை விழுந்த பிறகு இரண்டு நாள் போனோம். அங்கே முதல் விதையைப் போட ஓர் ஆள் இருக்கிறார், மண்ணுக்காரன் என்று பெயர். மூப்பன், வண்டாரி, குருதலை என்று மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பொறுப்பு. விறகைக் கொளுத்தி, தவிலின் தோலைத் தீயில் காட்டிக் காட்டி, விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்கள். அரை மணி நேரம் அதுதான் நடந்தது. நான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு ஒருவர் கொகல் ஊத ஆரம்பித்தார். மூச்சு அறுபடாமல் கன்னத்தில் காற்றை அடக்கி ஊத வேண்டிய குழல். அந்தப் பையன் என் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்துக் கால் வைக்கச் சொல்லிக் கொடுத்தான். எனக்கு வரவே இல்லை. "சாரு, மறுபடியும் தப்பு" என்று அவன் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பில் மூன்று வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்காத பையன்.

எனக்கு உறைத்தது ஆட்டம் இல்லை, பேச்சு. அதுவரை அவர்கள் பேசுவதைக் கொச்சைத் தமிழ் என்றே நினைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அது தனி மொழி, கமில் சுவெலபில் என்ற செக் அறிஞர் அதற்கு இலக்கணமே எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்த அந்தப் பதிப் பெண் ஒருத்தியைக் காலையில் ஒரு மணி நேரம் வரச் சொன்னேன். கணக்கை அவள் இருள மொழியில் சொன்னால் 'மந்தம்' என்று நான் எழுதி வைத்திருந்தவன் பதில் சொல்கிறான். சம்பளம் என் கையிலிருந்து, அதுவும் ஏழு மாதம்தான் முடிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் 2017-இலேயே 'கோத்ரபந்து' என்று பழங்குடி இளைஞர்களையே பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாகப் போட்டுவிட்டார்கள். ஒடிசா 2007-இலேயே பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் பாடம் ஆரம்பித்தது. இங்கே 2024-25 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. இருளர் பெயர் அதில் இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். இத்தனைக்கும் 2022-இல் அட்டப்பாடி நஞ்சியம்மா சினிமாவில் இருள மொழியில் பாடித்தான் தேசிய விருது வாங்கினார்.

ஆகவே முகாம் நடத்துவதென்றால் பதியில் நடத்துங்கள், அவர்கள் சொல்லும் மாதத்தில், அவர்கள் சொல்லும் ஆளை வைத்து. வருகிறவருக்குப் பொன்னாடை வேண்டாம், ஒரு நாள் கூலியைக் கையில் கொடுங்கள். போட்டோவுக்கு ஒருவரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்று படம் அனுப்பியே என் பாதி வேலை நேரம் போகிறது, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். அதே பையன் 2023-இல் பிளஸ் டூ முடித்தான். கல்லூரிக்கு எஸ்.டி. சான்றிதழ் கேட்டார்கள், அதைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அலைந்தான். ஓர் அலுவலகத்தில் விசாரித்தவர், "இருளர்னா பாம்பு பிடிப்பியே, பிடிச்சிருக்கியா?" என்று கேட்டாராம். பாம்பு பிடிப்பது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். 2023-இல் அவர்களில் இரண்டு பேருக்குப் பத்மஸ்ரீயே கொடுத்தார்கள். கோவை மலை இருளருக்கும் அந்தத் தொழிலுக்கும் சம்பந்தம் கிடையாது. அவன் சொன்ன பதில்: "எங்க பதிக்குள்ள பாம்பு வந்தா நாங்களும் ஓடத்தாங்க செய்வோம்."

சான்றிதழ் வர இன்னும் ஏழு மாதம் ஆனது. அந்த வருஷ அட்மிஷன் அதற்குள் முடிந்துபோயிருந்தது.