ஆறாவது சுற்றில் தளர்ந்த ஈஸ்ட்: மூப்பா, பசியா?

கேள்வி: பியர் நொதித்து முடிந்ததும் கலனின் கூம்படியில் படியும் ஈஸ்டையே எடுத்து அடுத்த முறைக்கும் பயன்படுத்துகிறேன். ஆறாவது சுற்றில் நொதித்தல் தாமதமாகத் தொடங்கி, சர்க்கரை மீதமிருக்கும்போதே நின்றுவிட்டது. ஈஸ்டுக்கு வயதாகிவிட்டதா?

பதில்: ஈஸ்டின் வயதுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒரு தாய்ச் செல் எத்தனை முறை அரும்பி சேய்ச் செல்லை ஈன்றது என்பது ஒன்று. அரும்பாமல் ஓய்ந்திருக்கும் செல் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது மற்றொன்று. ஒவ்வொரு சேயும் பிரிந்த இடத்தில் தாயின் சுவரில் கைட்டின் என்னும் கடினப் பொருளாலான தழும்பு நிலைத்துவிடும். தாயின் ஆயுள் இப்பிரிவுகளின் எண்ணிக்கையால் வரையறுக்கப்படுகிறது என்பதை ஆய்வாளர்கள் மார்ட்டிமரும் ஜான்ஸ்டனும் 1959இல் காட்டினர். பியர் ஈஸ்டுகளில் அது பொதுவாக 10 முதல் 30 வரை.

ஆயினும் சேய்ச் செல் பெரும்பாலும் புதுக் கணக்குடனேயே பிறப்பதால், வளரும் கூட்டத்தில் ஏறத்தாழப் பாதி எப்போதும் தழும்பற்ற இளஞ்செல்களாகவே இருக்கும். ஒரு நொதித்தலில் கூட்டம் இரண்டு, மூன்று முறை இரட்டிப்பதோடு நின்றுவிடுகிறது. எனவே ஆறு சுற்றுகள் கடந்ததாலேயே கூட்டம் முழுதும் மூப்படைந்துவிடாது. எடுக்கும் முறையால் மட்டும் அது நேரலாம்: பருத்த முதிய செல்கள் முதலில் படிவதால், அடிவண்டலையே எப்போதும் எடுப்பவர் முதியவற்றையே சேர்த்து வைக்கிறார். முதலில் வருவதை நீக்கிவிட்டு நடு அடுக்கை எடுங்கள்.

நான் அதிகம் சந்தேகிப்பது சேமிப்பையும் காற்றூட்டலையும்தான். ஓய்வில் இருக்கும் செல் தான் சேமித்த கிளைகோஜன் என்னும் மாவுப்பொருளைத் தின்றே உயிர்வாழ்கிறது. அது தீர்ந்த ஈஸ்டை மால்ட் (முளைகட்டிய தானிய) சாற்றில் இட்டால், செல்லின் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள்களை ஆக்க அதனிடம் ஆற்றல் இராது. அந்த ஆக்கத்துக்கு ஆக்சிஜனும் தேவை. ஆக்சிஜன் குறைந்தால் இருக்கும் ஸ்டெராலைத் தாயும் சேயும் பிரிவுதோறும் பங்கிட்டுக்கொள்ள, சவ்வு நலிந்து ஆல்கஹாலைத் தாங்கமாட்டாமல் போகிறது. உங்கள் நொதித்தல் பாதியில் நின்றதற்கு இதுவே பொருத்தமான விளக்கம்.

ஆகவே ஈஸ்டை 1 முதல் 4 டிகிரி செல்சியஸில், காற்றுப் படாமல் வைத்து, இயன்றவரை மூன்று நாட்களுக்குள் பயன்படுத்துங்கள். ஆல்கஹால் மிகுந்த பியரில் உழைத்த ஈஸ்டை மீண்டும் எடுக்காதீர்கள். இடுவதற்கு முன் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தில் சோதியுங்கள். நீலம் ஏறிய இறந்த செல்கள் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அத்தொகுதியைக் கைவிடுங்கள். மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் ஆக்கும் உறுப்பு) பழுதுபட்ட திரிபுச் செல்கள் பெருகியிருந்தால் காற்றூட்டலும் பயன் தராது. அப்போது தூய வளர்ப்பிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.